கிதாபு விளக்கிற்கு ஒரு மின்சுற்றுப் பலகை

இத்தலைப்பைக் காணும் தமிழன்பர் சிலர், இலக்கிய மலருக்குள் மின்கருவி எவ்வாறு புகுந்தது என்று வியக்கக்கூடும். புகுத்தியவை நம் பெரியவர்களின் வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் பழைய கிதாபுகளே. அறபுத் தமிழ் நூல்களையும் இசுலாமியத் தமிழ் இலக்கியங்களின் முற்பதிப்புகளையும் ஒளிப்படம் எடுத்துக் காத்தல் வேண்டும் என்று நாம் தொடங்கிய பணி, ஒரு விளக்கில் வந்து தடைப்பட்டது. கடையில் கிடைத்த விளக்கு அதற்கு உதவவில்லை. எனவே நமக்கென ஒரு சிறு மின்சுற்றுப் பலகையை வரைவித்துச் செய்விக்க நேர்ந்தது. அம்முயற்சியில் நாம் கற்றவற்றுள் பெரும்பகுதி மின்னியல் அன்று. வேண்டும் பொருளைப் பிறர்க்கு விளங்க எழுதிக் கேட்பது எவ்வாறு என்பதே நாம் கற்ற பாடம். ஆதலால் இது தமிழ்த்துறைக்கு உரிய செய்தியே எனத் துணிந்து இங்கு எழுதுகின்றோம்.

புள்ளியும் வெளிச்சமும்

அறபு எழுத்துகளில் புள்ளியின் இன்றியமையாமையை மாணவர் அறிவர். ஒரே வடிவின் கீழே ஒரு புள்ளியிட்டால் 'பே', மேலே இரண்டிட்டால் 'தே', மேலே மூன்றிட்டால் 'ஸே'. தமிழை அவ்வெழுத்தில் எழுத முற்பட்ட நம் முன்னோர், அறபியில் இல்லாத ட, ண, ழ போன்ற ஒலிகளுக்கு, உள்ள எழுத்துகளோடு மேலும் புள்ளிகளைக் கூட்டியே வடிவம் அமைத்தனர். டகரத்திற்குத் 'தால்' எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைத்தனர். அப்புள்ளி மங்கினால் 'பாடம்' என்பது 'பாதம்' ஆகிவிடக்கூடும். இத்தகைய நூல்களுள் பல கல்லச்சில் வெளிவந்தவை. தாள் பழுத்து, செல்லரித்து, மை பரவிய பக்கத்தில் எது புள்ளி, எது பூச்சி துளைத்த துளை, எது கறை என்று பிரித்தறிதல் எளிதன்று. ஒளிப்படத்தில் அவ்வேறுபாடு தெரியாவிடில், படம் எடுத்தும் பயனில்லை. சில பக்கங்களை மறுமுறை திறக்கவே இயலாது. திறக்கும்போதே ஓரம் உதிர்ந்துவிடும்.

நூலை வெளியே கொடுத்தனுப்பப் பெரியவர்கள் விரும்புவதில்லை. அத்தயக்கம் நியாயமானதே. கடனாகச் சென்று திரும்பாத கிதாபுகளின் வரலாறு ஊர்தோறும் உண்டு. ஆகவே நூல் இருக்கும் வீட்டிற்கு நாமே செல்வது என முடிவு செய்தோம். மடக்கி எடுத்துச் செல்லக்கூடிய ஒரு மரத்தாங்கியைத் தச்சர் செய்து கொடுத்தார். நூல் கிடத்தும் மேடைக்கு இருபுறமும் 18 மி.மீ. அகலமுள்ள காடி ஒன்று வெட்டி, அதில் விளக்கு அமரும்படி அமைத்தார். மின்தடை வந்தாலும் வேலை நிற்காதிருக்கப் பன்னிரண்டு வோல்ட் மின்கலம் ஒன்றையும் உடன் கொண்டு சென்றோம்.

கடை விளக்கின் குறை

முதலில் கடைகளில் சுருளாக விற்கும் எல்.இ.டி. நாடாவை வாங்கி ஒட்டினோம். கண்ணுக்கு வெளிச்சம் நன்றாகவே இருந்தது. படத்திலோ பக்கத்தின் குறுக்கே கருமையான பட்டைகள் ஓடின. இயற்பியல் துறை நண்பர்கள் காரணம் கூறினர். வெளிச்சத்தைக் குறைக்க நாம் இணைத்திருந்த கட்டுப்படுத்தி, மின்னோட்டத்தைக் குறைக்கவில்லை. அதனை வினாடிக்குப் பலநூறு முறை நிறுத்தியும் விடுத்தும் கண்ணை ஏமாற்றியது. படப்பெட்டியோ காட்சியை வரிவரியாகப் பதிவு செய்வது. அது ஏமாறவில்லை.

அடுத்த குறை நிறத்தில் தோன்றியது. கையெழுத்துப் படிகளில் தலைப்புகளைச் செந்நிற மையால் எழுதுவது வழக்கம். நாடாவின் ஒளியில் அச்செம்மை பழுப்பாகப் பதிந்தது. இதனை விளங்கிக்கொள்ள வெள்ளை எல்.இ.டி. எவ்வாறு ஒளிர்கிறது என்பதைச் சிறிது நோக்க வேண்டும்.

குறைகடத்தி ஒன்றில் மின்சாரம் பாய்ந்தபோது ஒளி பிறந்ததை 1907ஆம் ஆண்டிலேயே ஹென்றி ரவுண்டு என்பார் குறித்து வைத்தார். கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளி தரும் எல்.இ.டி.யை 1962இல் அமெரிக்காவில் நிக் ஹோலன்யாக் உருவாக்கினார். நீல ஒளி கைகூட மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதனைச் செய்து காட்டிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாம் காணும் வெள்ளை எல்.இ.டி. உண்மையில் நீல விளக்கேயாகும். அதன்மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் நீலத்தின் ஒரு பகுதியை மாற்றித் தர, இரண்டும் கலந்து வெண்மையாகத் தோன்றுகிறது. அக்கலவையில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. மலிவான வகையில் மிகக் குறைவு. நிறத்தை உள்ளவாறு காட்டும் திறனுக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் உண்டு. கடை நாடாவில் அது பெரும்பாலும் 80 அளவில் நிற்கும். நமக்கு வேண்டியது 90க்கு மேல். அதனுள்ளும் சிவப்பிற்கெனத் தனியே குறிக்கும் 'ஆர்9' என்னும் எண்ணைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். பொது எண் உயர்ந்தும் இவ்வெண் தாழ்ந்திருக்கும் விளக்குகள் உண்டு.

ஒளியால் தாளுக்குக் கேடு வராதா எனப் பெரியவர் ஒருவர் வினவினார். தக்க வினா. வெள்ளை எல்.இ.டி.யில் புற ஊதாக்கதிர் இல்லை என்றே சொல்லலாம். ஆயினும் கட்புலனாகும் ஒளியும் காலப்போக்கில் மையை வெளுக்கச் செய்யும். கேடு என்பது ஒளியின் செறிவையும் காலத்தையும் பெருக்கிக் கணிக்கப்படுவது. அருங்காட்சியகங்களில் தாளாலான பொருள்களை 50 லக்ஸ் அளவு ஒளியில் வைப்பது மரபு. நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் என்றால் அது 400 லக்ஸ்-மணி. நாம் 500 லக்ஸ் ஒளியில் ஒரு பக்கத்தை ஒரு நிமிடம் திறந்து வைத்தால், ஒன்பது லக்ஸ்-மணிக்கும் குறைவு. இக்கணக்கைக் காட்டிய பின்னரே அவர் பெட்டியைத் திறந்தார்.

சொல்லாமல் விட்ட சொற்கள்

நமக்கென ஒரு பலகை வேண்டும் என்று தெளிந்தபின், வடிவமைத்துத் தரும் ஒருவருக்கு வேண்டுகோள் எழுதினோம். அதன் சாரம் இது: 240 மி.மீ. நீளமும் 16 மி.மீ. அகலமும் உள்ள பலகை. அதில் 18 வெள்ளை எல்.இ.டி.கள், 12 வோல்ட்டில் எரிய வேண்டும், மாணவர் கையாலேயே சால்டர் வைக்கும்படி 5 மி.மீ. பருமனுள்ள காலுடைய விளக்குகள் போதும். எழுதியபோது இதில் குறையொன்றும் நமக்குத் தோன்றவில்லை. தொல்காப்பியத்திற்கு உரை படிக்கும் நாம், நம் நான்கு வரிகளுக்கு உரையாசிரியர் தேவைப்படும் என்று எண்ணவில்லை.

வடிவமைத்தவர் நாம் எழுதியவாறே செய்தார். வெள்ளை எல்.இ.டி. ஒன்றிற்கு ஏறத்தாழ 3.2 வோல்ட் வேண்டும். மூன்றைத் தொடராகக் கோத்தால் 9.6 வோல்ட். பன்னிரண்டில் எஞ்சுவது 2.4 வோல்ட். அதனை ஏற்று 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் மட்டும் செல்லவிட 120 ஓம் மின்தடை வேண்டும். இவ்வாறு ஆறு தொடர்கள். கணக்கில் பிழை எதுவும் இல்லை.

எனினும் நான்கு திங்களுக்குள் விளக்குகள் மங்கத் தொடங்கின. ஒன்று அணைய, அத்தொடரின் மற்ற இரண்டும் உடன் அணைந்தன. காரணம் 'பன்னிரண்டு வோல்ட்' என்ற நம் சொல்லே. பன்னிரண்டு வோல்ட் எனப் பெயர் பெற்ற ஈய-அமில மின்கலம், மின்னேற்றம் பெறும்போது 14.4 வோல்ட் வரை உயரும். இறங்கும்போது 11 வரை தாழும். வீடுகளில் மின்சாரம் இருக்கும் வேளையில் மின்னேற்றியை இணைத்தபடியே நாம் விளக்கை எரித்தோம். அப்போது மின்தடையின் மேல் நிற்பது 2.4 அன்று, 4.8 வோல்ட். மின்னோட்டமும் 20க்கு மாறாக 40 மில்லி ஆம்பியர். விளக்கின் இயல்பால் உண்மையில் சற்றுக் குறையும் எனினும், தாங்கும் எல்லையைக் கடந்ததில் ஐயமில்லை. மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் மின்னோட்டமும் அவ்வளவே கூடும் என்று எண்ணியிருந்தோம். அது இருமடங்காகும் என்பதை இயற்பியல் மாணவர் ஒருவர் கரும்பலகையில் மூன்று வரியில் காட்டினார். 'பன்னிரண்டு' என்பது நமக்குப் பெயர், வடிவமைத்தவருக்கு அளவு. மின்கலத்தில் இயங்கும் என்ற ஒரு சொல்லை நாம் எழுதியிருந்தால், அவரே கேட்டிருப்பார்.

இரண்டாம் பிழை நகைப்பிற்குரியது. மின்கம்பி செருகும் இணைப்பி 'முதல் விளக்கின் பக்கம்' இருக்க வேண்டும் என்று படத்தில் குறித்திருந்தோம். அறபுத் தமிழ் நூலை வலமிருந்து திறந்து பழகிய நாம் விளக்குகளையும் வலமிருந்து எண்ணினோம்; அவர் இடமிருந்து எண்ணினார். பலகை வந்தபோது இணைப்பி தாங்கியின் கீல் இருக்கும் முனையில் நின்றது. கம்பிக்கு வழியில்லை. மேலும் அப்படம் பலகையின் எப்பக்கத்திலிருந்து பார்த்தது என்றும் நாம் எழுதவில்லை. விளக்கு இருக்கும் முகமா, முதுகா என்பதைச் சொல்லாவிட்டால் இடமும் வலமும் பொருளற்ற சொற்கள்.

திருகாணியைப் பற்றியும் ஒரு சொல். துளையின் அளவை மட்டும் கொடுத்தோம். திருகாணியின் தலை துளையினும் அகன்றது என்பதை மறந்தோம். அத்தலை அருகிலிருந்த செப்புத்தடத்தை அழுத்தி, பூச்சைத் தேய்த்து, ஒருநாள் பொறி கிளப்பியது. துளையைச் சுற்றி 7 மி.மீ. வட்டத்திற்குள் செம்பு வரலாகாது என்று எழுதியிருந்தால் போதும்.

திருந்திய வேண்டுகோள்

இரண்டாம் முறை எழுதியபோது பொருளை வருணிப்பதை விடுத்து, அது எங்கே, எவ்வாறு, யார் கையில் பயன்படும் என்பதிலிருந்து தொடங்கினோம். மின்னழுத்தம் 11 முதல் 15 வோல்ட் வரை மாறும். அவ்வெல்லைக்குள் வெளிச்சம் மாறலாகாது. மின்னோட்டம் நிறுத்தி விடுத்தலின்றி நேராக ஓட வேண்டும், ஏனெனில் படப்பெட்டி பார்க்கும். மின்கலத்தை மாற்றி இணைத்தாலும் கெடலாகாது, ஏனெனில் இணைப்பவர் முதலாண்டு மாணவர். இவ்வாறு ஒவ்வொரு வேண்டுதலுக்கும் பக்கத்தில் 'ஏனெனில்' எழுதினோம். அச்சொல்லே பெரும்பயன் தந்தது. காரணம் அறிந்தமையால் வடிவமைத்தவர் நாம் கேளாததையும் கூறினார். மின்தடைக்கு மாற்றாக ஒவ்வொரு தொடருக்கும் 20 மில்லி ஆம்பியரை மட்டும் விடும் சிறு ஒழுங்குபடுத்தி ஒன்றை வைக்கலாம் என்றார். அதனால் மின்கல ஏற்றத்தாழ்வும் படத்தில் விழுந்த பட்டையும் ஒருங்கே நீங்கின. காலுடைய விளக்கில் நிறத்திறன் மிக்க வகை அரிது என்று கூறி, 3.5க்கு 2.8 மி.மீ. அளவுள்ள, பலகையின் பரப்பிலேயே ஒட்டும் வகையைப் பரிந்துரைத்தார். அது தாங்கக்கூடிய மின்னோட்டத்தில் மூன்றிலொரு பங்கே நாம் செலுத்துவதால் சூடும் குறைவு.

ஒரு பலகைக்கு 120 மில்லி ஆம்பியர், ஏறத்தாழ ஒன்றரை வாட். அலுமினியப் பலகை வேண்டுமோ என்ற ஐயமும் இதனால் தீர்ந்தது. 1.6 மி.மீ. தடித்த வழக்கமான கண்ணாடி இழைப் பலகையே போதும். செம்பின் தடிப்பு 35 மைக்ரான். தடத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டர். இவற்றில் சிந்திக்க ஒன்றுமில்லை. பூச்சை மட்டும் பச்சைக்கு மாற்றாக வெள்ளையாகக் கேட்டோம். ஒளியைத் திருப்பி அனுப்பும். இருபுறப் பலகைகளுக்கும் தனித்தனி விசை வைத்தது நம் எண்ணம். அதன் பயனைப் பின்னர்க் கூறுவோம்.

விளக்கு வகையைச் சொல்லும்போது அளவை மட்டும் குறித்தல் ஆகாது. தயாரிப்பாளரின் தரவுத்தாளையும் இணைத்தல் வேண்டும். ஒரே அளவுள்ள விளக்குகளில், எதிர்மின்வாயைக் காட்டும் அடையாளம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். மாற்றி வைத்தால் விளக்கு எரியாது.

மெய்ப்புப் பார்த்தல்

இப்பலகையை 'அச்சிட்ட மின்சுற்று' என்பர். பெயரிலேயே நம் தொழில் இருக்கிறது. வியன்னாவில் பிறந்து 1936இல் இங்கிலாந்து சென்ற பால் ஐஸ்லர் அச்சுத் தொழிலில் பழகியவர். கம்பிகளைக் கையால் கோப்பதற்கு மாறாக, செப்புத் தகட்டில் தடங்களை அச்சிட்டு, வேண்டாத செம்பை அமிலத்தால் அரித்து நீக்கலாம் எனக் கண்டு, அவ்வாறே ஒரு வானொலிப் பெட்டியும் செய்தார். கல்லச்சில் கிதாபு அடித்த நம் முன்னோர் இதனைக் கண்டிருந்தால் உடனே விளங்கிக் கொண்டிருப்பர்.

அச்சு என்றால் மெய்ப்பும் உண்டு. வடிவமைப்பாளர் தரும் 'கெர்பர்' கோப்புகளில், செம்பிற்கு ஒன்று, பூச்சிற்கு ஒன்று, எழுத்திற்கு ஒன்று என அடுக்குக்கு ஒரு கோப்பு இருக்கும், துளைகளுக்குத் தனிக்கோப்பு. இவற்றை அப்படியே தொழிற்கூடத்திற்கு அனுப்பாமல் மும்முறை படித்தோம். கணினி நிரல் தானே பிழை பார்க்கும். இரு தடங்கள் நெருங்கினால் சொல்லும். இணைப்பி தவறான முனையில் இருந்தால் சொல்லாது. எழுத்துப்பிழை திருத்தும் நிரலுக்குக் கருத்துப்பிழை தெரியாததைப் போன்றதே இது.

மாணவருக்கு ஒரு எளிய முறையைப் பரிந்துரைக்கின்றோம். பலகையின் படத்தை உள்ளபடியான அளவில் தாளில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி வெட்டுக. அச்சுப்பொறி பக்கத்திற்கேற்பச் சுருக்காதபடி நூறு விழுக்காடு என அமைத்து, அளவுகோலால் ஒருமுறை சரிபார்க்க. பின் விளக்கையும் இணைப்பியையும் அதன்மேல் வைத்து, அட்டையைத் தாங்கியின் காடியில் பொருத்திப் பார்க்க. நாம் இவ்வாறு செய்தபோது, காடியின் ஒரு முனையில் தச்சர் விட்ட பசைத் துணுக்கால் பலகை ஒரு மில்லிமீட்டர் மேலெழும்பியது தெரிந்தது. பலகை செய்தபின் தெரிந்திருந்தால் மீண்டும் பொருட்செலவு. பல தொழிற்கூடங்கள் ஐந்து பலகை என்னும் சிற்றளவிலும் செய்து தருகின்றன என்றாலும், காத்திருக்கும் நாள்கள் திரும்பி வாரா. அவ்விடைவேளையில் ஒரு நூல் கைமாறிவிடலாம், அல்லது கரையான் முந்திக்கொள்ளலாம்.

மூலக்கோப்பு யாருடையது

முதற்பலகைக்கு நாம் பெற்றவை கெர்பர் கோப்புகள் மட்டுமே. அவை அச்சுத்தகடு போன்றவை. அடிக்கலாம், திருத்த இயலாது. இணைப்பியை மறுமுனைக்கு மாற்ற எண்ணியபோது முழுவதையும் புதிதாக வரைய வேண்டியதாயிற்று. வடிவமைத்தவரைக் குறைகூற இடமில்லை. மூலக்கோப்பும் வேண்டும் என்று நாம் கேட்கவே இல்லை. கூலி பேசும்போதே இதனையும் பேசிவிடுதல் இரு தரப்பிற்கும் நன்று. சிலர் மூலத்திற்குத் தனி விலை கேட்பர், அது முறையற்றதன்று.

இரண்டாம் முறை, 'கீகேட்' நிரலில் வரைந்து மூலத்தையும் பொருட்பட்டியலையும் தருமாறு எழுதிக் கொண்டோம். பிரான்சில் ஜான்-பியர் ஷராஸ் 1992இல் தொடங்கிய நிரல் அது. 2013 முதல் ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு நிறுவனமாகிய செர்ன் அதன் வளர்ச்சிக்கு உதவியது. விலையின்றிக் கிடைப்பதால் நம் மாணவர் எவரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் இயலும். சென்ற பருவத்தில் இருவர் அதனைத் திறந்து, பெரிய அளவு நூல்களுக்காகப் பலகையை 320 மி.மீ. ஆக நீட்டியுள்ளனர். தொடர்கள் ஆறு, எட்டாயின. அவர்களுள் ஒருவர் தமிழ் இலக்கிய மாணவி.

தனித்தனி விசையின் பயன்

இருபுற விளக்குகளும் நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் எரிந்தால் பக்கம் சமமாக ஒளி பெறும். படி எடுப்பதற்கு அதுவே தக்கது. ஆனால் அச்சமவொளியில் துளையும் புள்ளியும் ஒன்றுபோலவே கருத்துத் தோன்றும். ஒருபுறத்தை அணைத்து, மறுபுறப் பலகையைத் தாழ்த்தித் தாளை உரசும்படி ஒளி பாய்ச்சினால், துளையின் விளிம்பு நிழல் காட்டும்; மைப்புள்ளி காட்டாது. ஐயமுள்ள பக்கத்திற்கு இவ்விரு படங்களையும் எடுத்து வைக்கின்றோம்.

பெரியவர் ஒருவரின் வீட்டில், அவருடைய பாட்டனார் ஓதிய கிதாபில், ஒரு சொல்லை இருவகையாகப் படித்து நம் துறையிலேயே இருவர் வாதிட்டுக் கொண்டிருந்தோம். உரசொளியில் எடுத்த படத்தில், எழுத்தின் கீழிருந்த இரண்டு கரும்பொட்டுகளில் ஒன்று நிழல் காட்டியது, மற்றொன்று காட்டவில்லை. பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு திரையை நெடுநேரம் நோக்கினார். பின்னர்த் தம் பாட்டனார் ஓதியவாறே அவ்வரியை ஓதிக் காட்டினார். நிழல் காட்டாத புள்ளியோடு அது பொருந்திற்று.

பலகையின் மூலக்கோப்பும், இரு வேண்டுகோள்களின் படியும், பிழைபட்ட முதற்பலகையும் துறை நூலகத்தின் மூன்றாம் பேழையில் உள்ளன. தம் ஊரில் இத்தகைய பணி தொடங்க எண்ணும் பிற கல்லூரி அன்பர்கள் கேட்டால், கோப்புகளைப் படியெடுத்துத் தருவோம். தாங்கியின் அளவுகளைத் தச்சரின் கையெழுத்திலேயே வைத்திருக்கின்றோம். அதனையும் சேர்த்தே பெறுக.